மறு: "வின்டேஜ்" பந்தயம்: "போகம்" சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் யோசித்துப் பதில் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: சிறுவர்களுக்கு ஒரு படக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெப்பமண்டலத் தீவு ஒன்று. அதில் குடியிருப்பதெல்லாம் விலங்குகளும் பறவைகளும். கூழைக்கடா மிதவை விமானம் ஓட்டும், நீர்நாய் விசைப்படகு ஓட்டும், கீரி கார் ஓட்டும். வண்டிகள் பெரும்பாலும் 1920களில் செய்தவை. இப்படிப் பழைய வண்டிகள் ஓடுவதை ஆங்கிலத்தில் வின்டேஜ் (vintage) பந்தயம் என்பார்கள். அட்டையில் "வின்டேஜ் பந்தயம்" என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது?

> தொன்மைப் பந்தயம்
> முதுபொறிப் பந்தயம். இதுதான் வாயில் நுழைகிறது.

"முதுபொறி" எனக்கும் பிடித்தது, இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் இவை எல்லாம் வண்டிக்கு இன்றைக்கு என்ன வயது என்று சொல்லும் சொற்கள். பந்தயக்காரர்கள் சொல்லும் வின்டேஜ் அதுவல்ல. பிரிட்டனில் 1934-இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1930 டிசம்பர் 31-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குள் செய்த கார்தான் வின்டேஜ். 1931-இல் செய்தது இன்னும் நூறு வருடம் போனாலும் அந்த வரிசையில் சேராது.

நம் நாட்டு மோட்டார் வாகன விதியில் வேறு கணக்கு. 2021-இல் சேர்த்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டி, பெரிதாக மாற்றாமல் மூல உருவிலேயே வைத்திருந்தால் வின்டேஜ். அந்த வரிசைக்குள் வருடா வருடம் புது வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். "முதுவண்டி" அதற்கு நன்றாகப் பொருந்தும், அங்கே வைத்துக்கொள்வோம். என் கதைக்கு வேண்டியது முதல் கணக்கு.

வின்டேஜ் என்ற சொல்லின் வேரே அறுவடைதான். லத்தீனில் திராட்சை பறிப்பைக் குறித்தது, பிறகு எந்த வருடத்துப் பறிப்பு என்பதைக் குறித்து, அங்கிருந்து காருக்கு வந்தது. கம்பத்து நண்பர் திராட்சையை வைத்தே சொல் அமைக்கலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்கக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் வருடத்துக்கு ஒரே பறிப்பு. அதனால் வருடத்தின் பெயர் பழத்தோடு ஒட்டிக்கொண்டது. நம் திராட்சையில் அது ஒட்டாது. நெல்லில் ஒட்டும்.

மேலூரில் அப்பாவிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே, "எந்தப் போகத்து நெல்லுன்னு கேப்போமே, அது மாதிரியாப்பா?" என்றார். அதேதான். போகம் என்றால் ஒரு விளைச்சல். முதல் போகத்து நெல் எத்தனை நாள் குதிரில் கிடந்தாலும் முதல் போகத்து நெல்தான். வைகை அணை திறக்கும்போதெல்லாம் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர், மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம் 1,05,002 ஏக்கர் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மதுரைக்காரர் யாருக்கும் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

> போகம் என்றால் இன்பம் என்றுதானே படிப்பார்கள்? சிறுவர் புத்தகத்தில் வேண்டுமா?

நியாயமான கேள்வி. தனியாகப் போட்டால் அந்தத் தடுமாற்றம் வரும், "போகக் கார்" என்பது காதுக்கும் நன்றாக இல்லை. ஆனால் முப்போகம், இருபோகம் என்னும்போது யாரும் இன்பத்தை நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல்லே பொருளைக் கட்டிவிடுகிறது. அதனால் மூன்றாகப் பிரிக்கிறேன். 1918 வரை செய்தவை முதற்போகம். 1919 முதல் 1930 வரை நடுப்போகம், அதாவது வின்டேஜ். அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் வரை கடைப்போகம். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரிக்கிற ஊரில் நடுப்போக வண்டி என்பது விலகி நிற்காது என்று நம்புகிறேன்.

ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். ஷ்னைடர் கோப்பை மிதவை விமானப் பந்தயத்தில் 1929-இல் வென்ற சூப்பர்மரீன் எஸ்.6 நடுப்போகம். அதையே திருத்தி வளர்த்து, 1931-இல் கோப்பையைப் பிரிட்டனுக்கு நிரந்தரமாக வாங்கித் தந்த எஸ்.6பி கடைப்போகம். "தொன்மை" இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. என் கதையில் கூழைக்கடாவை ஒரு பந்தயத்திலிருந்து விலக்குவதே இந்த எல்லைக்கோடுதான், அதனால் சொல்லில் அது தெரிந்தே ஆகவேண்டும்.

வானம், கடல், தரை மூன்றும் ஒரே இடத்தில் நடக்குமா என்று கேட்ட அக்காவுக்கு: மொனாக்கோவில் நடந்திருக்கிறது. 1904-இல் விசைப்படகுப் பந்தயம் தொடங்கியது, 1913-இல் முதல் ஷ்னைடர் கோப்பை, 1929-இல் மொனாக்கோவின் முதல் கிராண்ட் பிரி கார்ப் பந்தயம். தீவுதான் வேண்டும் என்றால் சிசிலியில் 1906-லேயே டார்கா புளோரியோ கார்ப் பந்தயம் ஓடிவிட்டது.

மனிதரைப் போல நடக்கும், பேசும் விலங்குகளுக்கு "மனிதவுருவேற்றம்" என்று ஒரு பரிந்துரை வந்தது. ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. கதைமாந்தர் என்ற சொல் இருக்கும்போது, அட்டையில் "விலங்குமாந்தர்" போதும் என்பது என் எண்ணம்.

நடுப்போகத்துக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அட்டை வரைபவர் காத்திருக்கிறார். அப்புறம் இன்னொன்றும் வேண்டும். விமானங்கள் ஒரு கம்பத்தைச் சுற்றித் திரும்பும், படகுகள் கடலில் மிதக்கும் குறியைச் சுற்றித் திரும்பும். போய்வர எட்டு மைல் என்று மாட்டுவண்டி ஓடும் ஊர்களில், வண்டி திரும்பும் அந்த இடத்தை உங்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள்? அந்தச் சொல் கிடைத்தால் இரண்டுக்கும் அதையே வைத்துவிடலாம்.

அன்புடன்,
மேலூரிலிருந்து