சிஎஸ் (கவுன்டர்-ஸ்ட்ரைக்) 1.6 காலத்துப் போட்டிகள்: உங்கள் கணக்கில் பெரிய டீம் எது?

மிராஜ்_மணி:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். இந்தத் துப்பாக்கி கேமை நான் ஆட ஆரம்பித்ததே சிஎஸ்:கோ என்ற பதிப்பின் கடைசிக் காலத்தில்தான். இப்போது சிஎஸ்2. ஆபீசில் ஒரு சீனியர் இருக்கிறார். மேஜர் (இப்போதைய உலகக் கோப்பை மாதிரியான பெரிய போட்டி) பற்றி நான் வாயைத் திறந்தாலே, "மேஜரெல்லாம் 2013-ல் வந்தது, அதுக்கு முன்னாடியே நாங்க எல்லாம் பார்த்தாச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். அவரைக் கேட்டால் ஸ்வீடன்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் துப்பாக்கியே பிடித்ததில்லை.

1.6 காலத்தில் உலகக் கோப்பை மாதிரி ஏதாவது உண்மையிலேயே இருந்ததா? இருந்தது என்றால் நீங்கள் யாரைப் பெரிய டீம் என்பீர்கள்? விக்கி லிங்க் போடாதீர்கள், அதை நானே படித்துக்கொள்வேன். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோல்ட்_குமரேசன்:

தம்பி, உங்கள் சீனியர் சொல்வது பாதி சரி. ஆரம்பம் ஸ்வீடன்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் என் ஓட்டு போலந்துக்கு. கொஞ்சம் நீளமாகப் போகும், டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் போட்டிகள். மேஜர் என்று கேம் கம்பெனியான வால்வ் முத்திரை குத்திய போட்டி அப்போது கிடையாது. 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்று இரண்டு பேர் ஹாஃப்-லைஃப் என்ற கேமை மாற்றிச் செய்த மோட் இது. வால்வ் அதை வாங்கி 2000 நவம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது, 2003-ல் வால்வின் டவுன்லோட் தளமான ஸ்டீமோடு 1.6 பதிப்பு வந்தது. ஆனால் கோப்பை நடத்துவதை வெளியாட்களிடமே விட்டுவிட்டார்கள். அதனால் ஆளுக்கொரு உலகக் கோப்பை. டல்லாஸில் சிபிஎல், கொரியாக்காரர்கள் சாம்சங் பணத்தில் நடத்திய டபிள்யூசிஜி, பிரான்ஸில் ஈஎஸ்டபிள்யூசி, அப்புறம் ஜெர்மனியின் ஈஎஸ்எல் கொண்டுவந்த இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ். டபிள்யூசிஜி ஒலிம்பிக்ஸ் மாதிரி நாட்டுக்கொடியோடு நடக்கும். உள்நாட்டில் ஜெயித்தால்தான் போக முடியும். நம் நாட்டிலும் அதற்குத் தகுதிச் சுற்று உண்டு.

ஆட்டமும் இப்போது இருப்பதுபோல இல்லை. 1.6-ல் புதிதாக ஒரு கேடயம் கொடுத்தார்கள், அதைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் எதிராளிக்குப் பைத்தியம் பிடிக்கும். லீக்குகள் அதைத் தடை செய்துவிட்டன. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி ஸ்வீடன். 2001 டிசம்பரில் டல்லாஸ் சிபிஎல்லை நிஞ்ஜாஸ் இன் பைஜாமாஸ் ஜெயித்தது. ஹீட்டன், பாட்டி என்ற இரண்டு பெயர்கள் அன்றைக்கு எங்கள் கேமிங் சென்டர் சுவரிலேயே பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கும். ஹீட்டன் கோல்ட் துப்பாக்கியால் விடாமல் சுடும் ஸ்ப்ரேயைக் காப்பியடிக்கிறேன் என்று நாங்கள் வீணாக்கிய தோட்டாவுக்குக் கணக்கில்லை. முதல் இரண்டு மூன்று தோட்டா நேராகப் போகும், அப்புறம் துப்பாக்கி மேலே ஏறும், மவுஸைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு எதிராளியின் தலைக்கு மேலே இருக்கிற சுவர்தான் ஓட்டையாகும். அவர்கள் ஐஸ்மேட் என்ற கண்ணாடி மவுஸ்பேட் வைத்து ஆடுகிறார்கள் என்று படித்துவிட்டு, ஒருத்தன் ஃபோட்டோ ஃப்ரேம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்தான். பால் மவுஸ் கண்ணாடியில் உருளவே இல்லை.

அதே ஆட்கள் பிறகு எஸ்கே கேமிங்குக்குப் போனார்கள். 2003-ல் சிபிஎல் சம்மர், சிபிஎல் வின்டர், டபிள்யூசிஜி மூன்றும் எஸ்கே கையில். 2004-ல் எஸ்கேவிலிருந்து எலிமென்ட் என்ற நார்வேக்காரரை இன்னொரு டீம் பணம் கொடுத்து வாங்கியது. கால்பந்து மாதிரி டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் என்ற சங்கதி இந்தத் துறைக்குள் வந்தது அப்போதுதான். உங்கள் சீனியரின் கதை அநேகமாக இங்கேயே நின்றுபோயிருக்கும்.

என் கதை 2006-ல் ஆரம்பிக்கிறது. இத்தாலி மோன்சாவில் டபிள்யூசிஜி. பென்டகிராம் என்ற போலந்து டீம் தங்கம் எடுத்தது. நியோ, டாஸ், லார்ட், குபென், லுக். எங்கள் கும்பலில் யாருக்கும் இவர்களைத் தெரியாது. அடுத்த வருடம் ஈஎஸ்டபிள்யூசியும் இவர்களுக்கே. அப்புறம்தான் டெமோ தேட ஆரம்பித்தோம்.

டெமோ என்றால் இப்போது மாதிரி ஸ்ட்ரீம் இல்லை தம்பி, வீடியோவும் இல்லை. மேட்ச் நடக்கும்போது கேம் பதிவு செய்கிற ஒரு ஃபைல். அதைப் பென்டிரைவில் கொண்டுவந்து சிஸ்ட்ரைக் ஃபோல்டரில் போட்டு, கேமின் கட்டளைத் திரையான கன்சோலில் வியூடெமோ என்று அடித்தால் கேமுக்குள்ளேயே மேட்ச் மறுபடி ஓடும். லைவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹெச்எல்டிவி சர்வர். பெரிய ஃபைனல் என்றால் இடம் நிரம்பி வழியும், நம் பிராட்பேண்டுக்கு அது எங்கே கிடைக்கும்? அதனால் மறுநாள் டெமோதான். இன்னொரு வகையும் இருந்தது, ஆடுகிறவனே பதிவு செய்வது. ஆன்லைன் லீக்குகளில் ஒவ்வொருத்தனும் தன் டெமோவைக் கட்டாயம் எடுத்து வைக்க வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் கேட்பான். அன்றைக்குச் சீட்டிங்கைப் பிடிக்க அதுவும் ஒரு வழி.

நியோவின் கண் வழியாகப் பார்த்தபோதுதான் எனக்கு ஆட்டமே புரிந்தது. கத்தியோடு ஓடினால் வேகம் 250, ஏகே-47 துப்பாக்கியோடு ஓடினால் 221. அதனால் எல்லாருமே கத்தியோடுதான் ஓடுவார்கள். நியோவும் ஓடுவார். ஆனால் சுவர் முனை வருவதற்கு முன்பே ஏகே கைக்கு வந்திருக்கும், கிராஸ்ஹேர் என்ற குறி தலை உயரத்தில் நிற்கும். எதிராளி வெளியே வரும்போது மவுஸை நகர்த்தவே வேண்டியதில்லை, சுட்டால் போதும். அதைவிட முக்கியம், சுடக்கூடாத நேரத்தில் சுட மாட்டார். பாம் வைத்தாகிவிட்டது, அவர் ஒருத்தர்தான் பாக்கி, எதிரே இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் பாம் வெடிக்க 35 விநாடி. பாமைச் செயலிழக்க வைக்க (டிஃப்யூஸ்) கிட் இருந்தால் 5 விநாடி, இல்லாவிட்டால் 10. இந்தக் கழித்தல் கணக்கு அவர் தலைக்குள் ஓடுவது நமக்குத் தெரியும். ஷிஃப்டை அழுத்திச் சத்தமில்லாமல் இரண்டு அடி வைப்பார், நிற்பார். நாங்கள் என்றால் அந்த நேரத்துக்குள் ஓடிப்போய்ச் செத்திருப்போம்.

டாஸ் நேர் எதிர். முதல் ஆளாக உள்ளே பாய்கிறவர். அவர் செத்தாலும் பின்னால் வருகிறவனுக்கு வழி திறந்திருக்கும்.

ஏன் இவர்களுக்கு ஓட்டு? டீம் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. பென்டகிராம், அப்புறம் மீட்யுவர்மேக்கர்ஸ், அகெய்ன், ஃப்ராக் எக்ஸிக்யூட்டர்ஸ், ஈஎஸ்சி. மாறியது சட்டைதான், ஆட்கள் அதே ஆட்கள். லுக் போய் பாஷா வந்தது ஒன்றுதான் பெரிய மாற்றம். ஸ்பான்சர் கிடைக்காத நேரத்திலும் பிரியவில்லை. 2009-ல் செங்டுவில் டபிள்யூசிஜி ஃபைனலில் யாரைத் தோற்கடித்தார்கள் தெரியுமா? அந்த வருடம் கண்ணில் பட்ட கோப்பையையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்த ஃப்நாட்டிக் என்ற ஸ்வீடன் டீமை. 2011-ல் பூசானில் மறுபடி டபிள்யூசிஜி. 2006, 2009, 2011 என்று மூன்று தங்கம். வேறு எவனும் அவ்வளவு காலம் ஒரே கூட்டமாக உச்சத்தில் இருந்ததில்லை.

நியூக்_நந்தினி:

குமரேசன் அண்ணா, வழக்கம்போல போலந்து பஜனை. நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஃப்நாட்டிக்கை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே. 2009-ல் அந்த டீமில் ஃபாரஸ்டும் கெட்ரைட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார்கள். ஒரு ஃபைனல் தோற்றதால் அந்த வருடம் போலந்து வருடம் ஆகிவிடுமா?

இன்னொன்று. 2010-ஐச் சொல்லவே இல்லை. உக்ரைனின் நாட்டஸ் வின்செரே ஆரம்பித்ததே 2009 கடைசியில். மறு வருடமே ஹனோவரில் இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ், பாரிஸில் ஈஎஸ்டபிள்யூசி, லாஸ் ஏஞ்சலஸில் டபிள்யூசிஜி மூன்றையும் எடுத்தார்கள். ஒரே வருடத்தில் இந்த மூன்றையும் அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை. மார்க்கெலாஃப் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கியைப் பிடித்தால் நடு ரோட்டில் யாரும் தலையை நீட்ட மாட்டார்கள். டீம் என்றால் அது டீம்.

என் ஓட்டு இருந்தாலும் ஸ்வீடனுக்கே. காரணம் ஃபாரஸ்ட், கெட்ரைட். 1.6-ல் உச்சத்தில் இருந்துவிட்டு, 2012-ல் சிஎஸ்:கோ வந்ததும் புதிய நிஞ்ஜாஸ் இன் பைஜாமாஸில் சேர்ந்து லேனில் (எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடும் போட்டிகளில்) 87 மேப் (ஆட்டக்களம்) தொடர்ச்சியாகத் தோற்காமல் ஜெயித்தார்கள். 2014-ல் கொலோன் மேஜரும் எடுத்தார்கள். கேம் மாறினாலும் கை மாறவில்லை.

மிராஜ்_மணி:

87 மேப்பா! இதை சீனியர் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் என்னால் தாங்க முடியாது.

ஒரு சந்தேகம். இவ்வளவு பேர் வந்தார்கள், அமெரிக்கா எங்கே? சிபிஎல் டல்லாஸில் நடந்தது என்கிறீர்கள், ஆனால் ஜெயித்தவர்கள் எல்லாரும் ஐரோப்பா. சொந்த ஊரில் கோப்பை வைத்து வெளியூர்க்காரனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்களா?

கோல்ட்_குமரேசன்:

நல்ல கேள்வி. அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. 2002 சிபிஎல் வின்டர் டீம் 3டிக்கு. அதே 3டி டபிள்யூசிஜியை அடுத்தடுத்து இரண்டு முறை எடுத்தது, 2004-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், 2005-ல் சிங்கப்பூரில். 2005 ஈஎஸ்டபிள்யூசி காம்ப்ளெக்சிட்டிக்கு. அந்த இரண்டு டீமுக்கும் ஒருத்தரை ஒருத்தர் கண்டால் ஆகாது, ரசிகர்களுக்கு அதைவிட ஆகாது.

அவர்களைக் கவிழ்த்தது எதிராளி இல்லை, பணம். அதுவும் பணம் இல்லாததால் அல்ல, வந்ததால். 2007-ல் டைரக்டிவி என்ற சேட்டிலைட் டிவி கம்பெனி சிஜிஎஸ் என்று ஒரு லீக்கைத் தொடங்கியது. நம் ஐபிஎல் வருவதற்கு முந்தைய வருடம், அதே மாதிரி ஊர் பெயர் வைத்த அணிகள், வீரர்களுக்குச் சம்பளம். அமெரிக்காவில் பெயர் சொல்லும்படி ஆடியவர்கள் பெரும்பாலும் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் ஆடியது 1.6 இல்லை, சோர்ஸ் என்ற இன்னொரு பதிப்பு. டிவியில் பார்க்கப் பளபளவென்று இருக்கும் என்று அதை எடுத்தார்கள், ரவுண்டுகளையும் டிவி நேரத்துக்கு ஏற்றபடி குறைத்தார்கள். 1.6 ஆடின கைக்கு சோர்ஸ் வேறு உலகம். தோட்டா போகிற விதம் வேறு, ஓடுகிற விதம் வேறு. ஐரோப்பாக்காரன் இங்கே 1.6-ஐ விடாமல் அரைத்துக்கொண்டிருந்தான், இவர்கள் அங்கே வேறு கேம் ஆடிச் சம்பளம் வாங்கினார்கள்.

2008 மார்ச்சில் சிபிஎல் மூடப்பட்டது. அதே வருடம் நவம்பரில் சிஜிஎஸ்ஸும் மூடப்பட்டது. திரும்பி வந்தால் ஊரில் லீக்கும் இல்லை, கையில் பழக்கமும் இல்லை. அப்புறமும் டீம்கள் இருந்தன, ஆனால் பழைய பயம் யாருக்கும் இல்லை. அமெரிக்க டீம் ஒன்று மேஜர் எடுக்க 2018 பாஸ்டனில் கிளவுட்9 வர வேண்டியிருந்தது.

ஐரோப்பா மட்டும்தான் ஜெயித்தது என்பதும் சரியில்லை. 2006-ல் ஈஎஸ்டபிள்யூசி ஃபைனலில் ஃப்நாட்டிக்கைத் தோற்கடித்தது மேட் இன் பிரேசில். அந்த டீமில் ஃப்நெக்ஸ் என்று ஒரு பையன், ரொம்பச் சின்ன வயசு. பத்து வருடம் கழித்து 2016-ல் பிரேசில் டீம் இரண்டு மேஜர் எடுத்தபோது அதே ஃப்நெக்ஸ் அதிலும் இருந்தார். சீனாவின் டபிள்யூஎன்வியையும் விட்டுவிடக் கூடாது, 2005-06-ல் அவர்களைக் கண்டால் ஸ்வீடனே யோசிக்கும்.

நந்தினிக்கு: நாவிக்கு (நாட்டஸ் வின்செரே) 2010 பெரிய வருடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருடம். ஃபாரஸ்ட், கெட்ரைட் பற்றி நீங்கள் சொன்னதும் சரி, அது இரண்டு ஆட்டக்காரர்களின் பெருமை. தம்பி கேட்டது டீம். 2010 கடைசியில் அந்த இரண்டு பேரும் ஃப்நாட்டிக்கை விட்டு எஸ்கேவுக்குப் போனார்களே, அப்போது ஃப்நாட்டிக் என்ன ஆனது? போலந்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சிஎஸ்:கோ பேச்சை எடுத்தீர்கள் என்றால், 2014-ல் கட்டோவிட்செ மேஜர் ஃபைனலில் உங்கள் நிஞ்ஜாக்களைத் தோற்கடித்த விர்ட்டஸ்.ப்ரோவில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நியோ, டாஸ், பாஷா. அதுவும் சொந்த நாட்டு மைதானத்தில்.

நியூக்_நந்தினி:

கட்டோவிட்செவை இழுப்பீர்கள் என்று தெரியும். அதே வருடம் ஆகஸ்டில் கொலோன் யாருக்கு என்று நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன், மேலே போய்ப் படியுங்கள்.

மணி, நீ யூடியூபில் 2009 செங்டு ஃபைனலைத் தேடிப் பார். அண்ணன் சொல்கிறார் என்பதற்காக அல்ல, அதில் இரண்டு பக்கமும் நல்ல ஆட்டம். அதற்கு முன்னால் எஸ்கேவின் 2003 மேட்ச் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிடு. படம் மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

மிராஜ்_மணி:

இரண்டையும் பார்க்கிறேன் அக்கா. நாளைக்கு லஞ்சில் சீனியரிடம் டீம் 3டி என்று மட்டும் சொல்லிப் பார்க்கப் போகிறேன், முகம் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன்.

கோல்ட்_குமரேசன்:

3டி வேண்டாம், மோன்சா என்று சொல்லுங்கள். 2006-ல் அங்கே ஃபைனலில் தோற்றது யார் என்று அவரே நினைத்துப் பார்த்துக்கொள்வார்.