இன்னும் விடாத அந்த ஒரு பக்கம்: மர்ம நாவல், ஃபேன்டஸி வாசித்தவர்கள் சொல்லுங்கள்

கடைசிப்பக்கம்

மனதில் கிடந்து உறுத்துவதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ராபர்ட் ஜாக்சன் பென்னெட்டின் 'தி டெய்ன்டட் கப்' படித்திருப்பீர்கள், 2025இல் ஹ்யூகோ விருது வாங்கியதே, அதுதான். படை அதிகாரியின் உடம்பைக் கிழித்துக்கொண்டு மரம் முளைத்த அந்தத் தொடக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உறுத்துவது வேறு இடம். துப்பறியும் அனா கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உதவியாளன் டின் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒப்பிப்பான். குப்பியை முகர்ந்தால் போதும், பார்த்தது, கேட்டது எல்லாம் ஒன்று விடாமல் திரும்ப வரும் அவனுக்கு. அப்படி எதையும் மறக்காத ஒருவனுக்கு எழுத்து வாசிப்பது பெரும்பாடு. அதை மறைத்துக்கொண்டே வேலை பார்க்கிறான்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. அவனுக்கும் எழுத்து பிடிகொடுக்காது. இரவில் நான் வாய்விட்டு வாசிப்பேன், அவன் படுத்துக்கொண்டு கேட்பான். டின் வாசிக்கத் திணறும் இடம் வந்தது. நான் கொலை விசாரணையின் வேகத்தில் அடுத்த பத்திக்குத் தாவிவிட்டேன். "அம்மா, நில்லு. அதைத் திரும்ப வாசி" என்றான். வாசித்தேன். "இன்னொரு தடவை." மூன்றாம் தடவை வாசித்தபோது அவன் உதடும் கூடவே அசைந்தது.

கொலைகாரன் யார் என்று அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. டின் மாட்டிக்கொள்வானா, மாட்டிக்கொண்டால் வேலை போய்விடுமா என்று மட்டும் தினமும் கேட்டான். வகுப்பில் இவன் எத்தனை வருடம் இப்படி ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நானோ அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன்.

நாவலைப் பற்றி ஒரே ஒரு கருத்து: அந்த உலகத்தின் செடி, நஞ்சு, மருந்து எல்லாம் எப்படி வேலை செய்யும் என்பதை ஆசிரியர் முன்னாலேயே சொல்லிவிடுகிறார், பிறகு மீறுவதில்லை. மாயம் உள்ள கதையில் துப்பறிதல் நியாயமாக நடக்க வேறு வழி கிடையாது.

பென்சில்கோடு

நூலகத்தில் ஆன்டனி ஹோரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்' எடுத்தேன். கதைக்குள் கதை, கையெழுத்துப் பிரதியில் கடைசி அத்தியாயம் காணாமல் போவது, அதைத் தேடி எடிட்டர் அலைவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். முதல் தடவையாகப் படிக்கிறேன் என்ற நினைப்பில்தான் படித்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு பெயரும் கேள்விக்குறியும் இருந்தன. எவனோ கெடுத்து வைத்திருக்கிறானே என்று ஆத்திரம் வந்தது. பிறகு அந்தக் கேள்விக்குறியை உற்றுப் பார்த்தேன். கீழே புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம். நான் மட்டும்தான் அப்படிப் போடுவேன்.

எப்போது படித்தேன், எங்கே உட்கார்ந்து படித்தேன், ஒன்றும் நினைவில்லை. அந்தப் பக்கத்துக்கு வந்தபோது நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததும் அதே பெயரைத்தான். இரண்டு தடவையும் தவறு. பழைய நானும் இப்போதைய நானும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறோம்.

அதற்கு முந்திய மாதம்தான் சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' முடித்திருந்தேன். முடிவில்லாத கூடங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் ஏறி இறங்கும் கடல். அங்கே வாழும் கதைநாயகன் தன் நாட்குறிப்பில் தன் கையெழுத்திலேயே, எழுதிய நினைவே இல்லாத பக்கங்களைக் காண்கிறான். படிக்கும்போது அழகான கற்பனை என்று கடந்து போனேன். அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடயம்தேடி

கடைசிப்பக்கம் அவர்கள் கடைசியில் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 1929இல் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அவர் பாதிரியார், மர்ம நாவலாசிரியரும்கூட. அமானுஷ்யம் உள்ளே வரக்கூடாது என்பது ஒரு விதி. துப்பறிபவருக்குக் கிடைத்த தடயத்தை அப்போதே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. 'டெய்ன்டட் கப்' முதலாவதை உடைத்தாலும் மற்றதைக் காப்பாற்றுகிறது என்பதுதான் உங்கள் வாதம். ஆனால் உலகத்தில் இல்லாத ஒரு செடியின் குணத்தை நான் எப்படி ஊகிப்பேன்? ஆர்செனிக் என்றால் எனக்கே தெரியும். கற்பனை நஞ்சு என்றால் ஆசிரியர் வாயைத் திறக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். நல்ல நாவல்தான், ஆனால் நியாயமான ஆட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அனுபவம் சின்னது. பெஞ்சமின் ஸ்டீவன்சன் 2022இல் எழுதிய நாவலில், எந்தெந்தப் பக்கத்தில் சாவு வரும் என்று கதைசொல்லி ஆரம்பத்திலேயே எண்ணோடு சொல்லிவிடுவான். அந்தப் பக்கங்களில் எல்லாம் துண்டுச் சீட்டு செருகி வைத்துவிட்டுப் படித்தேன். அப்படியும் ஒரு சீட்டைத் தொட்டபோது திடுக்கிட்டேன்.

பென்சில்கோடு, நீங்கள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் தவறியதற்குக் காரணம் மறதி அல்ல, முறை இல்லாத வாசிப்பு. ஒரு நோட்டு வையுங்கள். இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'சொன்னது'. ஒரு பாத்திரம் தன் கண்ணால் பார்த்ததும், இன்னொருவர் சொல்லக் கேட்டதும் ஒரே எடை உள்ளவை அல்ல. நம்மை ஏமாற்றும் கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்துதான் ஏமாற்றுகின்றன. கடிகார நேரம் வரும் இடத்தில் எல்லாம் அடிக்கோடு இடுங்கள், ஆனால் உங்கள் சொந்தப் பிரதியில். ஒரு பொருளைத் தேவைக்கு அதிகமாக வர்ணித்தால் அதைக் குறிக்காதீர்கள், அதற்கு முந்திய வரியைக் குறியுங்கள். தடயத்தைப் பெரும்பாலும் பளிச்சென்ற ஒன்றுக்குப் பக்கத்தில்தான் ஒளிப்பார்கள். எல்லரி குயீனின் ஆரம்ப நாவல்களில் விடைக்கு முன்னால் கதையை நிறுத்தி வாசகருக்கு ஒரு சவால் வைப்பார்கள். அந்தச் சவால் இல்லாத நாவலிலும் நீங்களே முக்கால் பங்கில் நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு, யார், ஏன், எப்படி என்று மூன்று வரி எழுதிய பிறகே தொடருங்கள். முதல் சந்தேகத்தை எப்போதும் நம்பாதீர்கள், அது ஆசிரியர் உங்களுக்காகவே வைத்தது. தூக்கக் கலக்கத்தில் மர்ம நாவல் படிக்கவே கூடாது. அந்த நூலகப் பிரதியில் உள்ள கோட்டை மென்மையான ரப்பரால் அழித்துவிடுங்கள். அடுத்து எடுப்பவர் பாவம்.

நடுஅலமாரி

தடயம்தேடி ஐயா, அவர் கேட்டது பரீட்சைக் குறிப்பா? ஒருவர் தன் கையெழுத்தைப் பார்த்து உறைந்துபோன கதையைச் சொல்கிறார், நீங்கள் நோட்டில் கோடு போடச் சொல்கிறீர்கள்.

எனக்கு நடந்தது இது. எந்தத் தொடர் என்று சொல்ல மாட்டேன், ஃபேன்டஸி படிப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும். பாகங்கள் வந்துகொண்டிருந்தன, அப்புறம் நின்றுவிட்டன, வருடக்கணக்காகக் காத்திருக்கிறோம். ஃபேன்டஸி படிக்கும் பழக்கமே இல்லாத என் மனைவிக்குப் போன வருடம் முதல் பாகத்தைக் கொடுத்தேன். தொடர் முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் தொடவே மாட்டாள் என்று தெரியும். வந்தவரைக்கும் மூன்றே வாரத்தில் முடித்தாள். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், அலமாரி முன்னால் உட்கார்ந்து, முன்வரிசைப் புத்தகங்களுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். "அடுத்தது எங்க வச்சிருக்கீங்க?" என்றாள். நான் பதில் சொல்லாமல் நின்றதிலேயே புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் தரும் எந்தப் புத்தகத்தையும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்கிறாள்.

இன்னொன்று. இப்போது ஃபேன்டஸி என்று வருவதில் பெரும்பகுதி, காதல் கதைக்கு டிராகனை ஒட்ட வைத்தது. அதனால்தான் பழைய தொடர்களுக்காக இப்படி ஏங்க வேண்டியிருக்கிறது.

கடம்பூர்விருந்தாளி

விடை வராததற்கு ஏங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பொன்னியின் செல்வன்' 1954இல் முடிந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் அதற்காகப் போட்ட சண்டையைத்தான் இன்று நானும் என் சித்தப்பா மகளும் தொடர்கிறோம். போன வாரம் அவள் அந்த அத்தியாயத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள், ஒரு வாக்கியத்தைச் சுற்றி சிவப்பு வட்டம். இரவு முழுக்க அந்த வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் படித்தேன். அவள் பக்கம் நியாயம் இருக்கிறதோ என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது.

ஏழாம்நிலவு

விதி, நியாயமான ஆட்டம் எண்டு கதைக்கிறீர்கள். ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேடா'வை எந்த விதியில் போடுவீர்கள்? 2022இல் புக்கர் பரிசு பெற்றது. செத்த பிறகு கண் விழிக்கிறான் ஒரு புகைப்படக்காரன். மேலுலகம் ஒரு கந்தோர் மாதிரி, வரிசை, படிவம், கத்தல். ஏழு நிலவுக்குள் தன்னைக் கொன்றது யார் எண்டு அறிய வேணும், ஒளித்து வைத்த படங்களை உயிரோடு இருக்கும் இருவரிடம் சேர்க்க வேணும். பேயும் உண்டு, கொலை விசாரணையும் உண்டு. கதை முழுக்க 'நீ' எண்டுதான் போகும்.

அந்தப் படங்களில் 1983 ஜூலையும் இருக்கிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அந்த ஜூலையில்தான் எங்கட வீடு எரிந்தது. நான் பிறக்க முந்தி. அம்மாவின் அண்ணா அண்டைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அல்பமும் வீட்டோடு போனபடியால் அவருடைய படம் ஒண்டுகூட எங்களிடம் இல்லை. அம்மா சொல்லும் அடையாளங்கள் மட்டும்தான்: சுருள் முடி, இடது புருவத்தில் ஒரு வெட்டு.

கற்பனைக் கதை எண்டு எனக்கு நல்லாத் தெரியும். தெரிந்தும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கிற கட்டம் வந்தபோது, நான் புருவத்தில் வெட்டு உள்ள ஒரு முகத்தைத் தேடினேன். எழுத்தில். படமே இல்லாத ஒரு புத்தகத்தில். கொலைகாரன் யார் எண்டது எனக்கு அந்த நேரம் முக்கியமே இல்லை. அம்மாவிடம் இந்த நாவலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா எண்டும் தெரியவில்லை.

குறும்பாலம்

நடுஅலமாரி அண்ணா, டிராகன் ஒட்டிய காதல் கதை என்று நீங்கள் ஒதுக்கியதில் 'ஃபோர்த் விங்'கும் அடங்கும் என்று நினைக்கிறேன். 2023இல் வந்தது. அதன் மூன்றாம் பாகத்துக்காக 2025 ஜனவரியில் நள்ளிரவுவரை கண் விழித்தவள் நான்.

கதைநாயகி வயலெட்டுக்கு மூட்டுகள் எளிதில் நழுவும். எழுதிய ரெபெக்கா யாரோஸுக்கும் எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத் திசுக் கோளாறு உண்டு. எனக்கும் அதுதான். சட்டைக்குள் கை விடும்போது என் தோள் நழுவும். முதல் அத்தியாயத்தில் மழையில் அந்தக் குறுகிய கற்பாலத்தைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவு. பக்கத்தில் நிற்கும் ரியானனின் காலணி வழுக்கும் என்று பார்த்ததும், வயலெட் தன் காலணியில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து அவளுடையதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறாள். தன் முட்டி எந்த நொடியிலும் நழுவும் என்று தெரிந்த ஒருத்தி, தனக்கிருந்த பிடிமானத்தில் பாதியைக் கொடுக்கிறாள். அந்த வரியை வாசித்தபோது என் முழங்காலில் பட்டை கட்டியிருந்தது. அதுவரை நான் படித்த எந்தச் சாகசக் கதையிலும் என்னைப் போன்ற உடம்பு பாலத்தின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததில்லை. காதல் பகுதி உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கே சில அத்தியாயங்கள் நீளம். ஆனால் அந்தக் காலணியைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

கடைசிப்பக்கம் அக்கா, உங்கள் மகன் ஏன் மூன்று தடவை கேட்டான் என்று எனக்குத் தெரியும்.

இருமொழி

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்', 2022. வெள்ளிப் பாளத்தில் இரண்டு மொழிச் சொற்களைப் பொறிப்பார்கள். ஒரு சொல்லிலிருந்து மற்றதற்குப் போகையில் சிந்திப்போகும் பொருள்தான் மந்திரமாக வேலை செய்யும். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு தாளில் 'ஊடல்' என்று எழுதினேன். எதிரே ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? கோபம் என்றால் அன்பு சிந்துகிறது. சிணுங்கல் என்றால் உரிமை சிந்துகிறது. சண்டை என்றால் எல்லாமே சிந்துகிறது. ஒரு மணி நேரம் கழித்தும் வலப்பக்கம் காலியாகவே இருந்தது. அந்தத் தாளை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் இந்தச் சிந்தலை என் தோல்வி என்றுதான் நினைத்து வந்தேன்.

தடயம்தேடி, இல்லாத செடியின் குணம் தெரியாது என்றீர்களே, இந்த மந்திரம் மொழி தெரிந்த யாருக்கும் பாதி தெரிந்ததுதான். எல்லாக் கற்பனையும் ஆசிரியரின் சட்டைப்பைக்குள் இருப்பதில்லை.

பென்சில்கோடு

தடயம்தேடி, குறிப்புகளுக்கு நன்றி. 'பார்த்தது', 'சொன்னது' பிரிப்பை அடுத்த நாவலில் செய்து பார்க்கிறேன். கோட்டை மட்டும் அழிக்கவில்லை. ரப்பரைக் கையில் எடுத்தேன், முடியவில்லை. நேற்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெயர் தவறான விடைதானே, அடுத்து எடுப்பவருக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

ஏழாம்நிலவு, அம்மாவிடம் சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த நாவலை இன்று எடுத்து வந்திருக்கிறேன்.