புதுப்பிப்பு: அம்மாவோடு ஓமிவா கோயிலுக்குப் போய் வந்தேன்

ஜப்பானில் நாரா பக்கம் மிவா மலையடிவாரத்தில் இருக்கும் ஓமிவா ஷிண்டோ (ஜப்பானியர்களின் பாரம்பரிய மதம்) கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா, மலையேற விடுவார்களா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேற்று போய் வந்துவிட்டோம்.

மிவா ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். அம்மா சிரமமில்லாமல் வந்தார்.

உள்ளே கருவறை என்று ஒன்றே இல்லை. 467 மீட்டர் உயர மலைதான் சாமி! 1664-ல் கட்டிய மண்டபத்தின் முன்னால் நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு பழைய ஜப்பானியத் தேவதாரு (சுகி) மரம். இங்குள்ள தெய்வம் பாம்பு வடிவில் வரும் என்பது ஐதீகம். மரத்தடியில் முட்டைகளும் சாகே என்ற அரிசி மது சின்ன பாட்டிலிலும் படைத்திருந்தார்கள். "பாம்புக்கு முட்டையாடா?" என்று கேட்ட அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி ரொம்ப நேரம் நின்றார். சாகே காய்ச்சுபவர்களுக்கும் இதுதான் குலசாமி மாதிரி. மதுக்கடை வாசல்களில் தொங்கும் தேவதாரு இலை உருண்டை இந்தக் கோயிலோடு சேர்ந்த வழக்கம்.

மலையேற விடுகிறார்கள். பக்கத்திலுள்ள சாய் (Sai) என்ற இன்னொரு ஷிண்டோ கோயிலில் மதியத்துக்குள் பதிந்து, 300 யென் கட்டி, மணி கட்டிய வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மேலே படம் எடுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் ஏறினேன். மேலே படம் எடுக்க விடாததால்தான் மலைப் படம் எதுவும் போடவில்லை.