மல்லிகை மொட்டு திரட்சியா இருக்கு, மணம் மட்டும் வரலை. ஏன்?

மாடிப்பூ:
சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கிழக்குப் பார்த்த தாழ்வாரம், 30 செ.மீ. தொட்டியில் குண்டுமல்லி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொட்டைப் பறிச்சு முகர்ந்தா இலை வாடைதான் அடிக்குது. தேக்கா சந்தையில வாங்குற சரத்தோட மணத்துல பாதிகூட இல்லை. வெயில் காலை பத்தரை வரைக்கும் விழும். உரம் 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவு), ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. வெல்லத் தண்ணி ஊத்தினா வாசனை கூடும்னு சொல்றாங்களே, ஊத்தலாமா?

கொடிப்பந்தல்:
அஞ்சு மணிக்கு மொட்டுல மணம் இருக்காதுங்க. துளசி இலையில எண்ணெய்ச் சுரப்பி உண்டு, எப்போ கசக்கினாலும் மணக்கும். மல்லிகை அப்படிச் சேர்த்து வைக்கிறதில்லை. இதழ் விரியுற நேரத்துலதான் லினலூல், பென்சைல் அசிடேட் மாதிரி மணப்பொருள் எல்லாம் உண்டாகி அப்பவே காத்துல போயிடும். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு முகர்ந்து பாருங்க. சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்யறவங்க மொட்டைப் பகல்லயே பறிச்சு, ராத்திரி அது விரியும்போது தேயிலையோட கலக்குறது இதனாலதான்.

எதைப் பறிக்கணும்னா, முழு வெள்ளையா, காம்புக்குழல் நீண்டு, நுனி இன்னும் மூடியிருக்கிறதை. அடியில பச்சை தெரிஞ்சா விட்டுடுங்க. அது விரியாமலே வாடும், மணமும் வராது.

மண்வாசி:
எட்டு மணிக்கும் மணம் சுமாராத்தான் இருந்தா வெயில் போதலைன்னு அர்த்தம். மல்லிகைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேணும். தொட்டியை வெயில் பக்கம் நகர்த்தலாம், ஆனா பொதுத் தாழ்வாரத்துல 1.2 மீட்டர் வழி விட்டாகணும். உரமும் அதிகம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினா இலைதான் மதமதன்னு வளரும். மாசத்துக்குத் தலைதட்டின ஒரு தேக்கரண்டி போதும், மொட்டு கட்டும்போது சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலா உள்ளதுக்கு மாறுங்க. வெல்லத் தண்ணி வேண்டவே வேண்டாம். வேர் அதை உறிஞ்சிப் பூவுக்கு மணமா அனுப்பாது, எறும்புதான் வரும்.

பூத்து ஓய்ஞ்ச கிளையை மூணில் ஒரு பங்கு வெட்டுங்க. புதுத் துளிர்லதான் பூக்கும்.

கொடிப்பந்தல்:
இன்னொண்ணு, செடி குண்டுமல்லிதானான்னு பாருங்க. காக்கட்டானை மல்லின்னு சொல்லிக் கொடுத்துடுவாங்க. பார்க்க அழகு, மணம் கிட்டத்தட்ட கிடையாது. மொட்டு ஊதா நிறமா வீங்கி உதிர்ந்தா அது மொட்டு ஈயோட வேலை. புழு மண்ணுல விழுந்து கூடு கட்டும், அதனால உதிர்ந்ததை அன்னன்னைக்கே பொறுக்கிப் பையில கட்டிப் போடணும்.

மாடிப்பூ:
ஊதா எதுவும் இல்லை, குண்டுமல்லிதான். சாயங்காலம் பறிச்சதை மறுநாள் பூசைக்கு வைக்கணும்னா?

மண்வாசி:
கழுவாதீங்க, ஈரம் பட்டா இதழ் பழுப்பாயிடும். ஒரு காகிதத் துண்டு போட்ட டப்பாவுல மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர் பக்கத்துல வேண்டாம். குளிர்ல விரியறது நிதானமாகும். பூசைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி வெளியே எடுத்துச் சரமாக் கட்டுங்க. முந்தின ராத்திரியே முழுசா விரிஞ்சதைக் குளிர்ல வச்சும் பிரயோசனமில்லை, அதோட நல்ல மணம் அப்பவே போயாச்சு.