மாஹிம் நிலையத்தில் கண்டதும் இந்திப் படங்கள் காட்டியதும்

மும்பை குண்டுவெடிப்புகளை வைத்து எந்த இந்திப் படம் வந்தாலும் நான் தவறாமல் பார்த்துவிடுகிறேன். 2006 ஜூலை 11 அன்று மாலை, லோக்கல் ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, மாஹிம் ரயில் நிலையத்தில் நான் இருந்தேன். அன்று கண்டவற்றில் எவை திரைக்கு வந்திருக்கின்றன, எவை வரவே இல்லை, எவை வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஆகவே இங்கே நான் எழுதப்போவது விமர்சகரின் கருத்து அன்று. அந்தப் பிளாட்பாரத்தில் நின்ற ஒருத்தியின் கருத்து.

அண்மைய ஆண்டுகளில் வந்தவற்றுள் பெரிய படமான ‘சூர்யவன்ஷி’யிலிருந்து தொடங்குகிறேன். ரோஹித் ஷெட்டி இயக்கி அக்ஷய் குமார் நடித்த இந்தப் படம், பெருந்தொற்றுக்குப் பிறகு திரையரங்குகள் மீண்டும் திறந்திருந்த சமயத்தில், 2021 நவம்பரில் வெளிவந்தது. 1993-இல் மும்பைக்குள் கடத்திக் கொண்டுவரப்பட்ட ஆயிரம் கிலோ ஆர்.டி.எக்ஸ் வெடிமருந்தில் 400 கிலோ மட்டுமே அந்த ஆண்டின் தொடர் குண்டுவெடிப்புகளில் பயன்பட்டது, மீதி 600 கிலோ இன்னும் எங்கோ பதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கதையின் முடிச்சு. விறுவிறுப்புக்குக் குறைவில்லாத படம். அரங்கில் கைதட்டலும் இருந்தது. ஆனால் இவ்வகைப் படங்களில் வெடிப்பு நிகழ்வதற்கு முன்பே பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. குண்டு வைப்பவனின் முகம் காட்டப்படுகிறது, கடிகாரம் காட்டப்படுகிறது, இசை ஏறுகிறது, அதன் பிறகே நெருப்பு வருகிறது. நேரில் அகப்பட்டவர்களுக்கு இந்த வரிசை கிடைப்பதில்லை. என்ன நடந்தது, யார் செய்தது, முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எதுவுமே தெரியாத நிலைதான் அந்த அனுபவத்தின் பெரும்பகுதி. அதைப் படமாக்குவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான படங்கள் அதற்கு முயல்வதே இல்லை.

அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் மாஹிம் நிலையத்தின் கிழக்குப் பக்கம், தாராவியை ஒட்டிக் குடியிருந்தோம். சர்ச்கேட்டில் அலுவலகம் விட்டதும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஸ்லோ வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறி, மாஹிமில் இறங்கி, மேம்பாலம் ஏறிக் கிழக்கே போவது என் வழக்கம். அன்றும் அப்படி இறங்கிப் படியேறிக்கொண்டிருந்தபோது, வேறொரு பிளாட்பாரத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் குண்டு வெடித்தது. மணி 6:26 என்பதை மறுநாள் செய்தித்தாளில் படித்துத்தான் அறிந்தேன்.

முதலில் எனக்குக் காதில் எதுவும் கேட்கவில்லை. மார்பில் யாரோ ஓங்கி அறைந்தாற்போல் இருந்தது. பிடித்திருந்த கைப்பிடி அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான், அடைத்துப்போன காதுக்குள் தொலைவிலிருந்து வருவதைப் போல, கூச்சல் கேட்கத் தொடங்கியது. மேலே செல்லும் மின்கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்று ஒருவர் மராத்தியில் கத்தினார், பெட்டி தடம் புரண்டுவிட்டது என்றார் இன்னொருவர். குண்டு என்று எவரும் உடனே சொல்லவில்லை. புகை சற்றே விலகியபோது அந்தப் பெட்டியின் இரும்புத் தகடுகள் வெளிப்புறமாகக் கிழிந்து விரிந்திருந்ததைக் கண்டேன். தண்டவாளத்தின் மேல் குடைகளும் டிபன் பாக்ஸ்களும் கைப்பைகளும் சிதறிக் கிடந்தன. மனிதர்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இறந்தவர்களுக்குக் குடும்பங்கள் இருக்கின்றன. படிக்கட்டில் இருந்த நாங்கள் கீழே இறங்குவதா மேலே ஓடுவதா என்று தெரியாமல் நின்ற சில நிமிடங்களுக்குள் மாதுங்கா ரோடு பக்கமிருந்து இன்னொரு வெடிப்பு கேட்டது. அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

தண்டவாளத்தின் ஓரமாக இருந்த வீடுகளிலிருந்து முதலில் ஓடி வந்தவர்கள் கையில் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் எடுத்து வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் எதுவும் வருவதற்கு முன்பே, காயம்பட்டவர்களை அந்த விரிப்புகளில் கிடத்தி, நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கினார்கள். எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்கார அக்கா தன் வீட்டிலிருந்த சேலைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து என் கையில் திணித்து, “எடுத்துட்டுப் போ தாயி, பாத்துட்டு நிக்காத” என்றார். அவர் அதட்டியிராவிட்டால் நான் அந்தப் படியிலேயே நின்றிருப்பேன். டாக்சிகளிலும் டெம்போக்களிலும், வழியில் போனவர்களின் சொந்தக் கார்களிலும் காயம்பட்டவர்களை ஏற்றி, சயான் மருத்துவமனைக்கும் மேற்குப் பக்கம் ஹிந்துஜாவுக்கும் பாந்த்ராவின் பாபா மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். யார் எந்த மதம், எந்த ஊர் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

செல்பேசிகள் வேலை செய்யவில்லை. அந்தேரியில் வேலை பார்த்த என் கணவர் நள்ளிரவை நெருங்கும்போதுதான் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். வழிநெடுகக் குடியிருப்புக்காரர்கள் சாலையில் நின்று, நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தார்கள் என்று அவர் சொன்னார். அதற்குள் தொலைக்காட்சியில் நிலையங்களின் பெயர்கள் ஓடத் தொடங்கியிருந்தன: கார் ரோடு, பாந்த்ரா, ஜோகேஸ்வரி, மாஹிம், மாதுங்கா ரோடு, மீரா ரோடு, போரிவலி. மேற்கு ரயில்வேயின் ஏழு லோக்கல் வண்டிகளில் 11 நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள். எல்லாமே முதல் வகுப்புப் பெட்டிகளில். 189 பேர் இறந்தார்கள், 800-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்பது வழக்கில் பதிவான கணக்கு.

மறுநாள் காலை வண்டிகள் ஓடின, நாங்களும் ஏறினோம். மும்பையின் மன உறுதி என்று இதைப் பத்திரிகைகள் பாராட்டி எழுதின. அன்று ஏறிய பலர் சம்பளம் பிடிக்கப்படுமே என்பதற்காகத்தான் ஏறினார்கள். பெண்கள் பெட்டியில் ஒருவரோடொருவர் பேசவில்லை; இருக்கைக்குக் கீழும் பைகள் வைக்கும் தட்டிலும் பார்த்துக்கொண்டே வந்தோம்.

இந்த மறுநாளை நேர்மையாகக் காட்டிய படம் 2008 ஆகஸ்டில் வெளிவந்த ‘மும்பை மேரி ஜான்’. நிஷிகாந்த் காமத் இயக்கியது. இந்த ஏழு வெடிப்புகளையே அடிப்படையாகக் கொண்டிருந்தும், குண்டு வைத்தவர்களைத் தேடி இந்தப் படம் போகவில்லை. உயிரோடு மிஞ்சியவர்களுக்கு அடுத்த நாட்களில் என்ன ஆயிற்று என்பதிலேயே நிற்கிறது. ரயிலில்தான் போவேன் என்று கொள்கையோடு இருந்த மாதவனின் பாத்திரம், வெடிப்புக்குப் பிறகு ரயிலைக் கண்டாலே நடுங்குகிறது. துக்கத்தில் இருப்பவர்களிடம் மைக்கை நீட்டிப் பழகிய செய்தியாளராக வரும் சோஹா அலி கான், தன் வருங்காலக் கணவனைப் பறிகொடுத்த பிறகு, தன் தொலைக்காட்சிக்கே விற்பனைச் சரக்காகிவிடுகிறார். பணி ஓய்வை நெருங்கும் காவலராக வரும் பரேஷ் ராவல், முப்பதாண்டுக்கும் மேலான வேலையில் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று உணரும் இடத்தில் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. தென்னாட்டிலிருந்து வந்து சைக்கிளில் காபி விற்கும் தாமஸாக இர்ஃபான் கான் வருகிறார். குடும்பத்தோடு வணிக வளாகத்துக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பும் அவர், குண்டு இருப்பதாகப் பொய்யாகத் தொலைபேசியில் சொல்லி, அங்கே ஜனங்கள் அலறி ஓடுவதைப் பார்த்து நிற்பதை வழக்கமாக்கிக்கொள்கிறார். அந்தப் பயம் நகரத்தில் எப்படிக் கைமாறியது என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் சொன்னதில்லை என்பது என் கருத்து. படத்தின் முடிவில் நகரமே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கிறது. அது கற்பனை அல்ல. 2006 ஜூலை 18 மாலை மும்பை உண்மையிலேயே அப்படி நின்றது.

அடுத்த மாதமே, 2008 செப்டம்பரில், நீரஜ் பாண்டேயின் ‘எ வெட்னஸ்டே’ வந்தது. கமல்ஹாசனும் மோகன்லாலும் நடித்த ‘உன்னைப்போல் ஒருவன்’ இதன் மறுஆக்கம் என்பதால் தமிழ் வாசகர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். கட்டுமானம் முடியாத ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அமர்ந்துகொண்டு, பெயர் சொல்லாத சாமானியர் ஒருவர் (நசீருதீன் ஷா), சிறையில் இருக்கும் நான்கு பயங்கரவாதிகளை விடுவிக்கச் சொல்லிக் காவல்துறை ஆணையரை மிரட்டுகிறார். தப்பவைப்பதற்காக அல்ல, கொல்வதற்காக. நசீருதீன் ஷாவின் நடிப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியது எதுவுமில்லை. ரயிலில் தினமும் கண்டு பழகிய முகங்கள் ஒரே நாளில் இல்லாமல்போனதை அவர் சொல்லும்போது, மேற்கு ரயில்வேயில் பயணம் செய்த ஒவ்வொருவருக்கும் தொண்டை அடைத்திருக்கும். லோக்கல் வண்டி நட்பு அப்படிப்பட்டது. ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே கதவோரம். பஜனை பாடுவார்கள், சீட்டு விளையாடுவார்கள், தசராவுக்குப் பெட்டியை மாலைகளால் அலங்கரிப்பார்கள், ஆனால் பல வருடப் பழக்கத்துக்குப் பிறகும் ஒருவருடைய முழுப் பெயர் மற்றவருக்குத் தெரிந்திருக்காது. சர்ச்கேட்டில் எங்கள் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில், வண்டி நகர்ந்த பிறகே ஓடி வந்து ஏறும் நரைத்த தலை மனிதர் ஒருவர் இருந்தார். ஜூலை 11-க்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வேலை மாறியிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். பெயர் தெரியாதபோது பட்டியலில் யாரைத் தேடுவது?

இவ்வளவு தூரம் என்னை உலுக்கிய அந்தப் படத்தின் முடிவை நான் முதல் முறை பார்த்தபோதே ஏற்கவில்லை. என் கொழுந்தனார் ஏற்றார், இன்றும் ஏற்கிறார். அவருடைய நெருங்கிய நண்பர் போரிவலி வண்டியில் இறந்தவர், அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் படத்தின் நியாயம் முழுவதும் ஒரே அடிப்படையின் மேல் நிற்கிறது: பிடிபட்ட நால்வரும் குற்றவாளிகள் என்பதில் ஐயமில்லை, விசாரணைதான் வீண் தாமதம். அந்தப் படம் வந்தபோது ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தீர்ப்பே வரவில்லை. 1993 குண்டுவெடிப்புகளைப் பற்றிய ‘பிளாக் ஃப்ரைடே’ படத்தை, வழக்கு முடியும் தறுவாயில் இருந்ததால் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எடுத்து முடித்த பிறகும் அது 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. உண்மைப் பெயர்களைச் சொன்ன படம் காத்திருந்தது. கற்பனைப் பெயர்களைச் சூட்டிக்கொண்ட படம் தீர்ப்புக்கு முன்பே தண்டனையை நிறைவேற்றிவிட்டது.

ரயில் வழக்கில் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு 2015 செப்டம்பரில்தான் வந்தது: 12 பேர் குற்றவாளிகள், அவர்களில் 5 பேருக்குத் தூக்கு, 7 பேருக்கு ஆயுள்; பதின்மூன்றாமவருக்கு விடுதலை. அந்த விடுதலையானவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவருடைய கதையைச் சொல்லும் ‘ஹீமோலிம்ஃப்’ என்ற சிறு படம் 2022-இல் வந்தது. தயாரிப்பில் சிக்கனம் தெரிகிறது, சில இடங்கள் நீள்கின்றன, இருந்தாலும் கைதுக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது பொறுமையாகக் காட்டுகிறது. ‘சூர்யவன்ஷி’யைப் பார்த்த கூட்டத்தில் மிகச் சிறு பங்கினரே இதைப் பார்த்திருப்பார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் மீதி 12 பேரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் 2021-லேயே சிறையில் இறந்துவிட்டிருந்தார். ஒப்புதல் வாக்குமூலங்களை நம்ப முடியாது, அடையாளம் காட்டிய சாட்சிகள் மிகவும் தாமதமாக வந்தவர்கள், எந்த வகைக் குண்டு பயன்பட்டது என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை என்றது தீர்ப்பு. சாட்சிகளைப் பற்றிய பகுதியைப் படித்தபோது நான் என்னையே நினைத்துப் பார்த்தேன். அன்று என்னோடு படியேறியவர்களின் முகங்களை அடுத்த வாரம் கேட்டிருந்தால்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது. போர்வையின் மறுமூலையைப் பிடித்தவர் தாடி வைத்திருந்தாரா என்பதும் நினைவில்லை. கிழிந்த இரும்பும், அக்காவின் சேலைகளின் நிறங்களும் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. மாதங்கள் கழித்து, சில நிமிடமே பார்த்த முகத்தை ஒருவர் உறுதியாக அடையாளம் காட்டினார் என்றால், அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு.

மூன்று நாள் கழித்து உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும், விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் ஆணையிட்டது. அன்று இரவு கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். “சரி அண்ணி, இவங்க இல்லன்னா செஞ்சவன் யாரு? பத்தொன்பது வருஷமா அவன் எங்க இருக்கான்?” என்று கேட்டார். விடுதலையை எதிர்த்து அவர் அதைக் கேட்கவில்லை. தவறான ஆட்களைப் பிடித்திருந்தால் உண்மையானவர்களைத் தேடுவதை அன்றே நிறுத்திவிட்டார்கள் என்றுதானே பொருள் என்பது அவருடைய வாதம். அதில் நானும் அவரும் ஒன்றுபட்டோம். ‘எ வெட்னஸ்டே’யைப் பற்றி மட்டும் இன்னும் வழக்கடிக்கிறோம்.

இறந்தவரின் குடும்பமும் விடுதலையானவரின் குடும்பமும் ஒரே கேள்வியோடு நிற்கும் இந்த இடத்தை எடுத்துக்கொண்ட இந்திப் படம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. நிஷிகாந்த் காமத் இருந்திருந்தால் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் 2020-இல் காலமானார். யாரேனும் எடுத்தால் முதல் நாளே பார்க்கப் போவோம் என்று கொழுந்தனாரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.