எல்லைக்கு அந்தப் பக்கம் யார் பொறுப்பு? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

தெருமுனை (தொடங்கியவர்)

பெரிய நகரம் என்று நாம் சொல்வதை ஒரே அலுவலகம் ஆள்வதில்லை. நடுவில் ஒரு மாநகராட்சி, சுற்றிலும் நகராட்சிகள், ஊராட்சிகள். இவை போதாதென்று குடிநீருக்கு ஒரு வாரியம், பஸ்ஸுக்கு ஒரு கழகம், திட்டமிடலுக்கு ஓர் ஆணையம். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் மூன்று நான்கு எல்லைகளைத் தாண்டிப் போவார், கவனிக்கக்கூட மாட்டார். ஏதாவது கெட்டுப்போனால்தான் எல்லை கண்ணுக்குத் தெரியும். அப்படி உங்களுக்குத் தெரியவந்த கதைகளை எழுதுங்கள். அலுவலகத்துக்கு உள்ளே இருந்தவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயர், அதிகாரி பெயர் வேண்டாம்.

எதிர்வரிசை

எங்கள் தெருவே எல்லைதான். எங்கள் வரிசை மாநகராட்சி, எதிர் வரிசை நகராட்சி. சொத்து வரி வேறு, குப்பை வண்டி வரும் நேரம் வேறு. அதெல்லாம் பழகிவிட்டது. தெருவிளக்கு விஷயம்தான் வேடிக்கை. கம்பங்கள் எல்லாம் எதிர் வரிசையில் இருக்கின்றன, வெளிச்சம் இரண்டு பக்கமும் விழுகிறது. விளக்கு எரியவில்லை என்று நான் கொடுத்த புகாரை, "எங்கள் கம்பம் இல்லை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். சரி என்று நகராட்சிக்குப் போனால், "நீங்கள் எங்களுக்கு வரி கட்டுகிறவர் இல்லையே, எதிர்வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள்" என்றார் அங்கிருந்த எழுத்தர். மரியாதையாகத்தான் சொன்னார். எதிர்வீட்டு அக்கா போய் எழுதிக் கொடுத்த பிறகு விளக்கு எரிந்தது. அதிலிருந்து அந்தப் பக்கத்துப் புகாருக்கெல்லாம் அக்கா, இந்தப் பக்கத்துக்கு நான். பெருநகர நிர்வாகம் என்று பெரிதாகப் பேசுகிறீர்கள், எங்கள் தெருவில் அது நாங்கள் இரண்டு பேர்தான்.

வடிகால்

மழைநீர் வடிகால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விளக்குக்காவது ஓர் அக்கா கிடைத்தார். தண்ணீருக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

மேட்டில் ஒரு நகராட்சி, பள்ளத்தில் நாங்கள். அவர்கள் வேகமாக வளர்ந்தார்கள். மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுத்ததில் கட்டணமும் வரியும் அவர்களுக்கு வந்தன. தரையெல்லாம் கான்கிரீட் ஆனதும், மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த மழைநீர் முழுவதும் எங்களுக்கு வந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை, நல்ல அகலமான வடிகால் ஒன்றைக் கட்டினார்கள். அதை எல்லைவரை கொண்டுவந்து எங்களுடைய பழைய குறுகலான வடிகாலில் சேர்த்துவிட்டார்கள். பெரிய மழை வந்தது. சரியாக அந்த இணைப்பில் பொங்கி எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது.

பத்திரிகையில் அவர்களைத் திட்டி எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊர்ப் பொறியாளர் விதிப்படிதான் செய்தார். தன் எல்லைக்கு வெளியே ஒரு ரூபாய் செலவழித்தாலும் தணிக்கையில் ஆட்சேபணை வரும், அவர் பதில் எழுதியே ஓய்ந்துபோவார். நாங்களும் எங்கள் பணத்தை அவர்கள் தண்ணீருக்காகச் செலவழிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டிருந்தோம். இரண்டு தரப்பும் சட்டப்படி சரி, வெள்ளம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் டெபாசிட் வேலை என்ற முறையில் முடிந்தது. அவர்கள் தங்கள் பங்கை எங்களிடம் கட்டினார்கள், டெண்டரும் வேலையும் எங்கள் பொறுப்பு. பங்கு எத்தனை சதவீதம் என்று பேசி முடிப்பதற்கு, வடிகால் கட்டியதைவிட அதிக காலம் ஆனது.

இது புதுக் கதையும் இல்லை. 19-ம் நூற்றாண்டு லண்டனைச் சின்னச் சின்னத் திருச்சபை வட்டார மன்றங்களும் தனித்தனி ஆணையங்களும் பங்கு போட்டு ஆண்டன. கழிவெல்லாம் தேம்ஸ் நதியில் கலந்தது. ஊர் முழுவதற்குமாக 1855-ல் ஒரு பெருநகரப் பணிகள் வாரியம் அமைத்தார்கள். ஆனால் பெரிய செலவு என்றால் மேலே ஒப்புதல் கேட்க வேண்டும், திட்டம் போவதும் திரும்புவதுமாகவே இருந்தது. 1858 கோடையில் நதி நாற்றம் கரையிலேயே இருந்த நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. உடனே சட்டம் வந்தது, பணமும் அதிகாரமும் வந்தன. வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் கட்டிய பாதாளச் சாக்கடைகள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. வாரியம் அமைப்பது சுலபம் சார், அதன் கையில் காசு கொடுப்பதற்குத்தான் நாற்றம் வர வேண்டியிருக்கிறது.

ஒரே மேயர்

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன? ஒரே மேயர், ஒரே அலுவலகம், வேலை முடிந்தது.

வரைபடம்

முடியாது. நகரத் திட்டமிடல் படித்தபோது இதே கேள்வியோடுதான் நானும் ஆரம்பித்தேன். அதற்குக் கனடாவின் டொரொண்டோவைப் போல நல்ல பாடம் கிடைக்காது. 1954-ல் அங்கே 13 உள்ளூராட்சிகளுக்கு மேலே ஒரு பெருநகர அரசு வந்தது. முக்கியச் சாலைகள், குடிநீர் வழங்கல் போன்ற பெரிய வேலைகள் மேலே, உள்ளூர் வேலைகள் கீழே. அந்த ஏற்பாட்டை உலகமே பாராட்டியது. பிறகு 13 ஆறாகச் சுருங்கியது. 1998-ல் மாகாண அரசு ஆறையும் ஒரே நகரமாக்கியது. முந்தைய ஆண்டு நடந்த உள்ளூர் வாக்கெடுப்புகளில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அரசு கேட்கவில்லை. சரி, சேர்த்தாயிற்று, எல்லைப் பிரச்சினை தீர்ந்ததா? அதற்குள் நகரம் மிசிசாகா, மார்க்கம் என்று வெளியே வளர்ந்துவிட்டிருந்தது. கோடு கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

மாண்ட்ரியலில் இன்னும் சுவாரசியம். 2002-ல் தீவு முழுவதையும் ஒரே நகரமாக்கினார்கள். 2004-ல் பிரிந்துபோக வாக்கெடுப்பு நடந்தது, 2006-ல் 15 ஊர்கள் மறுபடி தனியாகிவிட்டன. தனி மேயர், தனி மன்றம் எல்லாம் கிடைத்தன. ஆனால் போலீஸ், தீயணைப்பு, பொதுப் போக்குவரத்து போன்றவை தீவு முழுமைக்குமான சபையிடமே இருக்கின்றன. அதாவது விவாகரத்து ஆனாலும் சமையலறை ஒன்றுதான்.

அப்புறம், சேர்த்தால் செலவு குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். அண்மையில் இணைக்கப்பட்ட ஓர் ஊரில் பயிற்சியில் இருந்தேன். ஒரே வேலைக்கு இரண்டு பழைய நகராட்சிகளில் இரண்டு சம்பளம். சமப்படுத்தும்போது யார் கீழே இறங்குவார்? எல்லோரும் மேலேதான் ஏறினார்கள்.

பற்று வரவு

வடிகால் சார் சொன்ன பணம்தான் மையம். சிறிய நகராட்சி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்களிடம் வீடுகள், பள்ளிகள், குண்டும் குழியுமான சாலைகள். பக்கத்து ஊரில் கிடங்குகள், அலுவலகக் கட்டடங்கள். அங்கே வேலை செய்பவர்கள் எங்கள் ஊரில் குடியிருந்தார்கள். வணிகக் கட்டட வரி அங்கே, செலவு இங்கே. ஒருமுறை ஒரு பெரிய தொழிற்கூடம் இடம் தேடி வந்தபோது, இரண்டு ஊரும் மாறி மாறி வரிச் சலுகை அறிவித்தோம். அது எப்படியும் இந்த இரண்டு ஊரில் ஒன்றில்தான் வந்திருக்கும். சலுகை மொத்தமும் நாங்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதற்குக் கொடுத்த விலை.

அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1971 சட்டம். ஏழு மாவட்டங்களிலும் வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பு எவ்வளவு வளர்கிறதோ அதில் 40 சதவீதத்தைப் பொதுவில் போட வேண்டும். அங்கிருந்து மக்கள்தொகையையும் சொத்து வளத்தையும் பார்த்து எல்லா ஊர்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். ஏற்கெனவே இருந்ததைத் தொடவில்லை, வளர்ச்சியில் மட்டும் பங்கு. அந்தச் சாமர்த்தியத்தால்தான் சட்டம் நிறைவேறியது என்பது என் கணிப்பு. கையில் இருப்பதைக் கேட்டால் ஒரு கவுன்சிலரும் கை தூக்கியிருக்க மாட்டார். எல்லைகள் அப்படியே இருக்கின்றன, மேயர்கள் அப்படியே இருக்கிறார்கள். பக்கத்து ஊருக்கு ஒரு கட்டடம் போனால் நெஞ்சு அடைப்பது மட்டும் கொஞ்சம் குறையும்.

ஒரே மேயர்

அப்படியென்றால் மேலே ஓர் ஆணையம் போதும் என்கிறீர்களா?

வரைபடம்

என்ன அதிகாரம் என்பதைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸின் மெட்ரோ மணிலாவில் 16 நகரங்களும் ஒரு சிற்றூராட்சியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக 1995-ல் ஒரு வளர்ச்சி ஆணையம். அது ஒரு தனியார் குடியிருப்பின் உள்தெருவைப் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உங்களுக்கு ஒருங்கிணைக்கும் வேலைதான், சட்டமியற்றும் அதிகாரமோ பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரமோ இல்லை என்று 2000-ல் தீர்ப்பு. ஒரு தெருவைத் திறக்க முடியாத பெருநகர ஆணையம்!

பார்வையாளர்

நான் சாதாரண ஆள், எங்கள் வட்டார ஆணையக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உறுப்பினர்கள் எல்லோரும் அந்தந்த ஊர் மேயர்கள், தலைவர்கள். முதல் சண்டையே ஓட்டு பற்றி. ஊருக்கு ஒரு ஓட்டு என்றால் பெரிய நகரம் கொதிக்கிறது, மக்கள்தொகைப்படி என்றால் சின்ன ஊர்கள் எழுந்து நிற்கின்றன. பாரிஸ் பெருநகரத்தில் சுமார் 130 கம்யூன்கள் (அங்கே உள்ளூராட்சிக்கு அதுதான் பெயர்), எவ்வளவு சின்னதானாலும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் இடம் என்று வைத்தார்கள். அவையில் 200-க்கு மேல் உறுப்பினர்கள், நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு இருக்கும் குறை வேறு. அங்கே பேசிய ஒருவரும் முழு வட்டாரத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை. அவரவர் ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் ஓட்டு கேட்க வேண்டும், ஆகவே அவரவர் ஊருக்காகத்தான் பேசுவார்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் 1994 முதல் வட்டார அவைக்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்திலும் நேரடித் தேர்தல்தான். நகரம் எதுவரை பரவலாம் என்ற எல்லையை வரையும் அதிகாரமே அந்த அவையிடம் இருக்கிறது. இப்படிப்பட்டவை உலகத்தில் கொஞ்சம்தான்.

அன்றைக்குக் கூட்டத்தில் பொதுவான குப்பைக் கிடங்கு வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கிடங்கு எந்த ஊரில் என்ற பொருள் மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வெளியே வரும்போது மேசையில் கிடந்த முந்தைய கூட்டக் குறிப்பைப் புரட்டினேன். அதிலும் இதே வரிதான் இருந்தது.