பூட் ஆகாத லினக்ஸ்: எங்கே நின்றது, எப்படிச் சரியானது?

வீட்டு லினக்ஸ் கணினி திடீரென்று ஒருநாள் ஏற மறுத்தால், "பேசாமல் புதிதாக இன்ஸ்டால் பண்ணிவிடு" என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் மதர்போர்டின் ஃபர்ம்வேர் (அதிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்), அடுத்து கர்னலைத் தேர்ந்து ஏற்றும் கிரப், பிறகு லினக்ஸின் மையமான கர்னலும், ரூட் டிஸ்க்கைக் கண்டுபிடித்துத் தரும் தற்காலிகக் குட்டி அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும், அப்புறம் மற்றச் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி, கடைசியில் லாகின் திரை. உங்களுக்கு எங்கே நின்றது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எனக்கு நின்றது சிஸ்டம்டியில். ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் 1 நிமிடம் 30 விநாடி வரம்பு. அது தீர்ந்ததும் எமர்ஜென்சி மோடு, அதாவது பழுதுபார்க்க வரும் எழுத்துத் திரை. இயங்குதளம் இருந்த எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்துப்போனது படங்கள் வைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க். அது இல்லாமலே கணினி ஏறலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் எந்தெந்த டிஸ்க்கை ஏற்ற வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயர் இருக்கிற டிஸ்க் எல்லாம் கட்டாயம் வேண்டும் என்றே சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனேன். ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் பகுதி) வாசிக்க மட்டும் திறந்திருந்ததால், எழுதவும் முடிகிற மாதிரி ரீமவுன்ட் செய்து, அந்தக் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரிக்கு முன்னால் ஒரு # போட்டேன்; # இருந்தால் அந்த வரியைக் கணினி விட்டுவிடும். ரீஸ்டார்ட் செய்ததும் வழக்கம்போல ஏறிவிட்டது.

தரவு மட்டும் வைக்கிற டிஸ்க்குகளுக்கு இப்போது 'நோஃபெயில்' என்ற விருப்பத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். டிஸ்க் இருந்தால் ஏற்றும், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாமல் மேலே போகும். சில அமைப்புகளில் ரூட் கணக்கே பூட்டியிருக்கும்; எமர்ஜென்சி மோடும் உள்ளே விடாது. அப்போது லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏறி அந்தக் கோப்பைத் திருத்த வேண்டியதுதான்.

* * *

என் கதை வேறு. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வெறும் கறுப்புத் திரை. டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது, அதனால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று புரிந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்து வடிவ லாகின் வந்தது. அதாவது கணினி முழுக்க ஏறிவிட்டது, படம் மட்டும்தான் வரவில்லை.

ரீஸ்டார்ட் செய்து கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன், எல்லாம் சரியாக வந்தது. தனியாக நிறுவியிருந்த கிராஃபிக்ஸ் டிரைவரின் மாட்யூல் (கர்னலோடு சேரும் துண்டு) புதிய கர்னலுக்குக் கட்டப்படவே இல்லை. அதைக் கட்டத் தேவையான, புதிய கர்னலின் ஹெடர் தொகுப்பை நிறுவி, டிரைவரை மறுபடி நிறுவியதும் சரியானது. பழைய கர்னல் கைவசம் இல்லாதவர்கள் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (எளிய திரை முறையில் ஏறச் சொல்வது) சேர்த்து, எஃப்10 அழுத்திப் பாருங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் அது செல்லும், பயம் வேண்டாம். மெனுவே தெரியாவிட்டால் யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) கணினியில் தொடக்கத்திலேயே எஸ்கேப்பைத் தட்டுங்கள். பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்.

* * *

கடவுச்சொல் சரியாகத்தான் கொடுக்கிறேன், திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே வருகிறது. காரணம், ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. இஎக்ஸ்டி4 என்ற கோப்பமைப்பு வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைப்பதால் கணினி ஓடுகிறது, நமக்கோ லாகினுக்குத் தேவையான ஒரு சின்னக் கோப்பு எழுதவும் இடமில்லை. மேலே சொன்ன எஃப்3 வழியாகப் போய்ப் பழைய ஜர்னல் லாக்குகளை (கணினி சேர்த்துவைத்த பதிவுகளை) அழித்தேன். அவ்வளவுதான்.

* * *

இனிட்ராம்எஃப்எஸ்ஸில் நின்ற கதை இன்னும் வரவில்லை போலிருக்கிறது, இதோ. ரூட் டிஸ்க்கின் யூயூஐடியே (அடையாள எண்ணே) இல்லை என்று சொல்லிவிட்டு, பிஸிபாக்ஸ் ஷெல்லில் (கட்டளை தட்டும் குட்டித் திரை) கொண்டுபோய் விட்டது. லைவ் யூஎஸ்பியில் ஏறினாலும் என்விஎம்இ டிஸ்க் (ஒரு வகை எஸ்எஸ்டி) கண்ணில் படவில்லை. புதிய டிஸ்க்குக்குக் காசு போகப்போகிறது என்றே நினைத்தேன். ஃபர்ம்வேர் அமைப்பைத் திறந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி, அந்த 3 வோல்ட் வட்டு, தீர்ந்துபோயிருந்தது. அதோடு அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, டிஸ்க் கன்ட்ரோலர் ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறையிலிருந்து, பல டிஸ்க்குகளைச் சேர்த்தாளும் ரெய்டு முறைக்கு மாறியிருந்தது. அந்த முறையில் டிஸ்க் லினக்ஸ் கண்ணுக்கு மறைந்துவிட்டது. பேட்டரியை மாற்றி, மறுபடி ஏஎச்சிஐ வைத்தேன். ஒரு கோப்புகூடப் போகவில்லை.

இந்த ஷெல்லைப் பார்த்ததும் பலர் எஃப்எஸ்செக் (கோப்பமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டச் சொல்வார்கள். பார்ட்டிஷன் தெரிகிறது, கோப்பமைப்பில் பிழை என்று செய்தியும் வருகிறது என்றால் சரி. ஆனால் ஐ/ஓ (வாசிக்க, எழுத முடியாத) பிழை என்று வரிசையாக வந்தால் டிஸ்க்கே சாகிறது என்று அர்த்தம். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், பழுதுபார்ப்பதை அந்த நகலில் செய்யுங்கள்.

* * *

எனக்கு லோகோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லையே?

* * *

லோகோ வரும்போது எஸ்கேப்பை அழுத்துங்கள், பின்னால் ஓடும் வரிகள் தெரியும். தெரியாவிட்டால் கிரப்பில் அதே 'லினக்ஸ்' வரியிலிருந்து 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். கடைசியில் நிற்கிற நான்கைந்து வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்ப்போம்.